சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர்

1907ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. சென்னை விக்டோரியா மண்டபத்தில் தமிழறிஞர் பலர் கூடியிருந்தனர். அவர்கள் நடுவே முப்பத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் அமர்ந்திருந்தார். அன்று அவருக்கு முன் வைக்கப்பட்ட செயல்கள் ஒன்றல்ல, இரண்டல்ல, நூறு. கேள்விகளும் கணக்குகளும் கவிதைக்கான கட்டளைகளும் மாறி மாறி வந்தன. அவை எல்லாவற்றையும் மனத்தில் வாங்கிக்கொண்டு, ஒன்றையும் நழுவவிடாமல் அவர் முடித்துக் காட்டினார். இடலாக்குடிச் செய்குத்தம்பி அன்று முதல் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் ஆனார்.

சதம் என்பது நூறு. அவதானம் என்பது கவனம். எட்டுச் செயல்களில் கவனம் செலுத்துபவர் அட்டாவதானி, பத்துச் செயல்களில் செலுத்துபவர் தசாவதானி, பதினாறு என்றால் சோடசாவதானி, நூறு என்றால் சதாவதானி. இக்கலையைக் கவனகம் என்றும் கூறுவர். இலங்கைத் தமிழர்கள் இன்றும் அவதானம் என்ற சொல்லை அன்றாடப் பேச்சில் வழங்குகின்றனர். சாலையோரத்தில் எச்சரிக்கைப் பலகை வைத்தால் அதில் அவதானம் என்றே எழுதுவர். மேடைக்குரிய கலையின் பெயரும் வீதியைக் கடக்கும்போது நமக்கு வேண்டிய விழிப்பின் பெயரும் ஒன்றாக இருப்பது பொருத்தமே.

பாவலரைப் பற்றிப் பேசும்போது, நூறு செயல்களை ஒரே நேரத்தில் செய்தார் என்று சொல்வது வழக்கம். கேட்பதற்கு வியப்பாக இருக்கும். ஆயினும் அந்தச் சொற்கள் அவருடைய உண்மையான திறமையைச் சற்று மறைத்துவிடுகின்றன. நூறு திசைகளில் சிதறிக்கிடக்கும் மனத்தால் ஒரு வெண்பாக்கூடப் பாட முடியாது. அவதானியின் மனம் நூறாக உடைவதில்லை. முழு மனமும் ஒன்றில் நிற்கிறது. அழைப்பு வந்ததும் அடுத்ததற்குச் செல்கிறது. விட்ட இடத்திற்குத் தவறாமல் திரும்பி வருகிறது. இந்தப் போக்கும் வரவும் மிக விரைவாக நடப்பதால், பார்ப்பவர்களுக்கு எல்லாம் ஒன்றாக நடப்பதுபோல் தோன்றுகிறது.

செய்குத்தம்பி 1874ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள், நாகர்கோவிலை ஒட்டியுள்ள இடலாக்குடியில் பிறந்தார். தந்தையார் பக்கீர் மீரான் சாகிபு, தாயார் அமீனா. அக்காலத்தில் அப்பகுதி திருவிதாங்கூர் அரசின் ஆட்சியில் இருந்தது. 1956ஆம் ஆண்டில்தான் அது கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்துடன் இணைந்தது. ஆகவே, சிறுவனாகப் பள்ளிக்குச் சென்ற செய்குத்தம்பி அங்கே கற்றது மலையாளம். வீட்டிலும் தெருவிலும் தமிழ்; பள்ளியில் மலையாளம்; மார்க்கக் கல்வியில் அரபு. மூன்று ஓசைகளுக்கு இடையே வளர்ந்தவர் அவர்.

முறையான தமிழ்க் கல்வியை அவர் சங்கரநாராயண அண்ணாவியாரிடம் பெற்றார். முகம்மதிய மாணவருக்குச் சைவப் புலவர் ஆசிரியராக அமைவதை அந்த ஊரார் வியப்பாகக் கருதவில்லை. இலக்கணமும் இலக்கியமும் அந்தக் காலத்து முறைப்படி, ஏட்டைப் பார்த்து மட்டும் அல்லாமல் காதால் கேட்டும் வாயால் சொல்லியும் கற்பிக்கப்பட்டன. ஆசிரியர் சொல்லும் செய்யுளைக் கேட்டவுடன் சீர் பிரித்து, எதுகை எங்கே, மோனை எங்கே என்று மாணவர் உணர்ந்தாக வேண்டும். மனம் ஒரு நொடி வேறிடம் சென்றால் ஒரு சீர் காணாமற்போகும். மறுநாள் அதே செய்யுளை ஒப்பிக்கும்போது அந்த இடத்தில் ஓசை இடறும். தாம் எந்த இடத்தில் கவனம் இழந்தோம் என்பதை மாணவருக்குக் காட்டிக்கொடுப்பது அந்த இடறல்தான். பதினைந்து வயதிலேயே செய்குத்தம்பி செய்யுள் இயற்றும் ஆற்றலைப் பெற்றுவிட்டார். சிலேடையும் யமகமும் திரிபும் அவருக்குக் கைவந்தன. ஒரு தொடரில் இரண்டு பொருளைக் கேட்கும் காது உடையவருக்கே சிலேடை வரும்.

இளமையிலேயே அவர் சென்னைக்குச் சென்று நூற்பதிப்புப் பணியில் ஈடுபட்டார். உமறுப் புலவர் இயற்றிய சீறாப்புராணம் நபிகள் நாயகத்தின் வாழ்க்கையைப் பாடும் காப்பியம். அதில் ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட பாடல்கள் உள்ளன. அதற்குப் பாவலர் உரை எழுதினார்.

அச்சுப் பணியைப் பற்றி இங்குச் சிறிது கூற வேண்டும். அந்நாளில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து அச்சிட்டனர். அச்சுக்கோப்பவர் ஓர் எழுத்தை மாற்றி வைத்துவிட்டால், அதைப் பிடிப்பது மெய்ப்புத் திருத்துபவரின் வேலை. பழைய தமிழ் அச்சில் ரகரமும் துணைக்காலும் ஏறத்தாழ ஒரே வடிவில் இருக்கும். ணகரமும் னகரமும் சோர்ந்த கண்ணை எளிதில் ஏமாற்றும். மெய்ப்புத் திருத்துவோர் எல்லாரும் அறிந்த ஒன்று உண்டு. பாட்டின் பொருளில் மனம் தோய்ந்துவிட்டால் கண் எழுத்தை விட்டுவிடும். எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் பொருள் நழுவும். நினைவாற்றல் மிக்கவருக்கு இப்பணி இன்னும் கடினம். தாளில் பிழை இருந்தாலும் அவர் மனம் சரியான சொல்லைத் தானாகவே நிரப்பிப் படித்துவிடும். நான் இப்போது தாளைப் படிக்கிறேனா, என் நினைவைப் படிக்கிறேனா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளாதவர் நல்ல மெய்ப்பாளர் ஆக முடியாது. உரையாசிரியரின் மனமும் பதிப்பாளரின் கண்ணும் ஒருவரிடமே அமைய வேண்டியிருந்த காலம் அது. அதற்குப் பின்புதான் விக்டோரியா மண்டபம் வந்தது.

அக்காலத் தமிழகத்தில் அருட்பா மருட்பாப் போர் நடந்துகொண்டிருந்தது. வள்ளலார் இராமலிங்க அடிகளின் பாடல்களை அருட்பா என்று அழைக்கலாமா, கூடாதா என்பதே வழக்கு. வள்ளலார் மறைந்ததும் பாவலர் பிறந்ததும் ஒரே ஆண்டில், 1874இல். யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளை மருட்பா என்னும் கட்சியில் நின்று வாதாடினார். செய்குத்தம்பிப் பாவலர் அருட்பாவின் பக்கம் நின்று மேடைகளில் பேசினார். சைவ அடியார் ஒருவரின் பாடல்களுக்காக முகம்மதியப் புலவர் வாதாட முன்வந்தது அன்று பலரை நெகிழச் செய்தது. மற்றொன்றையும் குறிப்பிட வேண்டும். எதிர்க்கட்சியில் நின்ற கதிரைவேற்பிள்ளையும் ஒரு சதாவதானியே. கவனத்தை ஆளத் தெரிந்த இருவர் ஒரே முடிவுக்கு வந்தாக வேண்டும் என்பதில்லை.

அவதான மேடையில் என்னென்ன நடக்கும் என்று அறிந்தால்தான் இக்கலையின் அருமை விளங்கும். கேள்வி கேட்போர் அவதானியைச் சூழ்ந்து அமர்ந்திருப்பர். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். முன் மூன்று அடிகளையும் பாடிப் பொருள் பொருந்த முடிக்க வேண்டும். இன்னொருவர் தாம் மறைத்து வைத்திருக்கும் தொடரின் எழுத்துகளை வரிசை மாற்றிச் சொல்வார். பதினோராவது எழுத்து இது என்று ஒரு முறை, நான்காவது எழுத்து இது என்று மற்றொரு முறை. இடையில் எத்தனையோ நடந்தபின், முடிவில் தொடர் முழுவதையும் அவதானி கூற வேண்டும். ஒருவர் பெரிய பெருக்கல் கணக்குத் தருவார். ஒருவர் ஏதாவது ஓர் ஆண்டு, மாதம், தேதியைச் சொல்லிக் கிழமை கேட்பார். நம் நாட்டு அவை என்றால், 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 31 எந்தக் கிழமை என்று யாரேனும் கேட்கக்கூடும். சனிக்கிழமை என்று உடனே விடை வர வேண்டும். ஒருவர் சதுரங்கம் ஆடுவார். ஒருவர் விட்டு விட்டு மணி அடிப்பார். பின்னால் நிற்பவர் அவ்வப்போது முதுகில் ஒரு மலரையோ சிறு கல்லையோ எறிவார். எத்தனை மணி, எத்தனை மலர் என்று கடைசியில் கணக்கு ஒப்பிக்க வேண்டும். சிக்கலாக மாட்டிய இலாடச் சங்கிலியைக் கழற்றச் சொல்வதும் உண்டு.

தெலுங்கு நாட்டில் இக்கலை இன்றும் உயிருடன் உள்ளது. பாவலரின் காலத்தில் அங்குத் திருப்பதி வேங்கட கவுலு என்ற இரட்டைப் புலவர்கள் ஊர் ஊராகச் சென்று அவதானம் செய்து புகழ்பெற்றனர். தெலுங்கு அவதானத்தில் ஒரு வேடிக்கையான உறுப்பு உண்டு. அவதானி கவிதை யோசித்துக்கொண்டிருக்கும்போது, தொடர்பே இல்லாத பேச்சை எடுத்து அவரைக் குழப்புவதற்கென்றே ஒருவரை அமர்த்துவர். சமையல், மாமியார் சண்டை, ஊர்வம்பு என்று அவர் எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பார். அதற்கும் நகைச்சுவையாகப் பதில் சொல்லிவிட்டு, விட்ட அடிக்குத் திரும்ப வேண்டும். இடையூறு இல்லாத இடத்தைத் தேடிப் போகாமல், இடையூற்றையே பயிற்சியின் பகுதியாக்கிக்கொண்ட கலை இது.

இதன் சிறு பகுதியை வகுப்பறையிலும் செய்து பார்க்கலாம். ஒரு மாணவர் பதினேழாம் வாய்பாட்டைத் தாளில் எழுதட்டும். மற்றொருவர் நினைத்தபோதெல்லாம் மேசையைத் தட்டட்டும். வாய்பாடு முடியும்போது எத்தனை தட்டு என்று முதல் மாணவர் கூற வேண்டும். பெரும்பாலோர் எண்ணிக்கையைத் தவறவிடுவது கடினமான பெருக்கல் வரும் இடத்தில்தான். தட்டு காதில் விழாமலே போகும். அல்லது விழுந்ததும் பெருக்கல் மறந்துபோகும். சில முறை செய்தபின் ஒரு மாற்றம் தெரியும். தட்டு கேட்டவுடன் விரல் கணு ஒன்றை நகர்த்தி எண்ணிக்கையை அங்கே வைத்துவிட்டு, எழுதிக்கொண்டிருந்த எண்ணுக்குத் திரும்பக் கை பழகிவிடும். திரும்ப வேண்டிய இடத்தை முதலில் குறித்துக்கொண்டு பிறகு செல்வதே உத்தி. அதைவிட முக்கியமானது வேறொன்று. எந்த இடத்தில் தம் மனம் நழுவுகிறது என்று அம்மாணவர் முதல் முறையாகக் காண்கிறார்.

விக்டோரியா மண்டபத்தில் பாவலர் அமர்ந்திருந்த அதே 1907ஆம் ஆண்டில்தான் மலாயாவில் தமிழர் குடியேற்ற நிதி பற்றிய சட்டம் பிறந்தது. தமிழகத்திலிருந்து தொழிலாளர்களைக் கப்பலேற்றி அழைத்துவரும் செலவுக்குத் தோட்ட முதலாளிகள் பணம் செலுத்தும் ஏற்பாடு அது. நெகிரி செம்பிலானில் லிங்கி, லாபு வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் விரிந்துகொண்டிருந்தன. அங்கு வந்து சேர்ந்த நம் முன்னோர் எந்த மேடையிலும் ஏறவில்லை. ஆனால், அவர்கள் நாள்தோறும் செய்த வேலை கவனத்தைப் பற்றி நமக்கு நிறையச் சொல்லும். அது கைவேலைதானே என்று பலரும் கடந்துபோய்விடுவதால், இங்குச் சற்று நின்று பார்ப்போம்.

விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குச் செல்லும் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறினால் பால் குறையும். ஆகவே விரைவு வேண்டும். காலைப் பொழுதுக்குள் ஏறத்தாழ ஐந்நூறு மரங்கள். ஒவ்வொரு மரத்திலும் முன்னாள் வெட்டிய கோட்டின்மேல், ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் பட்டையைச் சீவ வேண்டும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மரத்தை வளர்க்கும் மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. அதை ஒட்டிய பட்டையில்தான் பால் மிகுதி. ஆகவே, கத்தி மேலோடு போனால் மங்கு நிறையாது. ஆழப் போய்ப் படலத்தைத் தொட்டுவிட்டால் மரத்தில் காயம். காயம்பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பல ஆண்டுகள் கழித்து அந்தப் பக்கத்தை மறுபடியும் வெட்ட வரும்போது கத்தி சரியாக ஓடாது. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான்.

முதல் மரத்தில் யாருக்கும் கவனம் இருக்கும். முந்நூறாவது மரத்தில் கை பழக்கத்தில் ஓடுகிறது. மனம் கொட்டகையில் விட்டுவந்த குழந்தையிடம் போய்விடுகிறது. கொசு கடிக்கிறது, வானம் கறுக்கிறது. அப்போது கத்தியின் ஓட்டத்தில் சிறு மாற்றம் கைக்குத் தெரிகிறது. கைதேர்ந்தவர் அந்த மாற்றத்திலேயே தம் மனம் போன இடத்தைக் கண்டுகொண்டு கோட்டுக்குத் திரும்புகிறார். ஒரு காலையில் இது எத்தனை முறை நடக்கும் என்று அவர்கள் எண்ணியதில்லை. கங்காணி வந்து காயங்களைத்தான் எண்ணினார்.

அமெரிக்க உளவியல் அறிஞர் வில்லியம் ஜேம்சு 1890ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் பெருநூலில் இதைத்தான் ஆராய்ந்தார். நாமே முயன்று செலுத்தும் கவனம் சில நொடிகளுக்கு மேல் தொடர்ந்து நிற்பதில்லை என்பது அவர் கண்ட முடிவு. நீண்ட நேரம் கவனமாக இருந்தார் என்று நாம் கூறுபவர், உண்மையில் நழுவிய மனத்தைப் பலமுறை மீட்டுக்கொண்டு வந்தவரே. 1953ஆம் ஆண்டில் இங்கிலாந்து அறிஞர் காலின் செரி ஒரு சோதனையை வெளியிட்டார். ஒருவரின் இரண்டு காதுகளிலும் வெவ்வேறு பேச்சை ஒலிக்கச் செய்து, ஒன்றை மட்டும் உரக்கத் திருப்பிச் சொல்லச் சொன்னார். மற்றக் காதில் கேட்டது ஆணின் குரலா, பெண்ணின் குரலா என்று அவர்களுக்குத் தெரிந்தது. என்ன சொற்கள் என்று கூற இயலவில்லை. கைப்பேசியில் செய்தி படித்துக்கொண்டே பாடமும் கேட்கிறேன் என்பவருக்கு இந்தச் சோதனை தொல்லை தரக்கூடியது. தமக்குக் கவனமே வராது என்று மனம் சோரும் மாணவருக்கோ ஜேம்சின் முடிவு ஆறுதல் தரக்கூடியது. மனம் நழுவாதவர் எவரும் இல்லை.

கவனத்தைப் பழக்கியபின் அதை எங்கே செலுத்துவது என்ற கேள்வி எஞ்சுகிறது. குசராத்தைச் சேர்ந்த இராய்சந்த்பாய் என்னும் சமண அறிஞர் பத்தொன்பது வயது அளவில் பம்பாயில் நூறு அவதானங்கள் செய்து காட்டியவர். 1891ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து திரும்பிய இளைஞர் காந்தி, தமக்குத் தெரிந்த மொழிகளிலிருந்தெல்லாம் சொற்களை எடுத்துப் படித்து அவரைச் சோதித்தார். சொற்கள் அதே வரிசையில் திரும்பி வந்தன. ஆனால், அதற்கு முன்பே இராய்சந்த்பாய் மேடை அவதானத்தை விட்டுவிட்டு, ஆன்மிகத் தேடலுக்குத் தம் மனத்தைத் திருப்பியிருந்தார். பாவலரோ மேடையை வெறுக்கவில்லை. எனினும், புகழ் கிடைத்த ஒரு திறமையை மட்டும் காட்டிக்கொண்டு அவர் காலத்தைக் கழிக்கவும் இல்லை.

சம்சுத்தாசீன் கோவை, கோட்டாற்றுப் பிள்ளைத்தமிழ், நாயக மான்மிய மஞ்சரி, நீதிவெண்பா என நூல்கள் பல அவரிடமிருந்து பிறந்தன. நாட்டு விடுதலை இயக்கம் பரவியபோது கதர் உடுத்தினார். பொதுக் கூட்டங்களில் பேசினார். காப்பியத்தின் ஒரு சீரிலும் மணியின் ஓசையிலும் நின்று பழகிய மனம், முதுமையில் மக்களின் குறைகளிலும் நின்றது. அவருடைய மேடைத் தமிழைக் கேட்க முகம்மதியரும் இந்துக்களும் ஒன்றாகக் கூடினர்.

பாவலர் 1950ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் மறைந்தார். பக்கத்து ஊரான தேரூரைச் சேர்ந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவருக்கு இரங்கற்பா பாடினார். இந்திய அஞ்சல் துறை 2008ஆம் ஆண்டில் பாவலருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. அவர் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டுள்ளன. இடலாக்குடியில் அவருக்கு மணிமண்டபம் எழுப்பப்பட்டுள்ளது. அதே ஊரில், சிறுவயதில் மலையாளம் படிக்கத் தொடங்கிய அவருடைய பெயரால் இன்று ஓர் அரசுப் பள்ளி நடைபெறுகிறது.